நம்பத்தகுந்த வட்டாரம்

“ஒரு மணி நேரம், ஹில்டா, ஒரே ஒரு மணி நேரம் இந்த வீட்ல சத்தம் இல்லாம இருக்க முடியாதா உனக்கு? போன வாரம் நான் எல்லைப் பிரச்னை பேசிட்டிருக்கேன், பின்னாடி உன் மிக்ஸி ஓடுது. நாடே கேட்டுது!” நாடே கேட்டதாம். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு நாட்டுக்கு வேறு சோலி இல்லை பாருங்கள், பேராசிரியர் கஸ்பார் வீட்டில் தேங்காய் அரைபடுகிறதா மிளகாய் அரைபடுகிறதா என்று டிவிக்குள் காதை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஹில்டா இதையெல்லாம் மனசுக்குள் வைத்துக்கொள்கிற ரகம் இல்லை. வாய்விட்டே சொன்னாள். சொல்லிவிட்டு, “நான் கேட்டதுக்குப் பதிலச் சொல்லிட்டு அப்புறமாக் கதவ அடைங்க. அந்தத் தூதர்கிட்டக் கேப்பீங்களா, மாட்டீங்களா?” என்றாள். கஸ்பார் மேலே கோட்டும் டையும் கீழே வீட்டுச் சாரமுமாக நின்றபடி ஃபிரிட்ஜின் பின்னால் குனிந்து பிளக்கைப் பிடுங்கினார். அதன் உறுமல்கூட நாட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது. “அது நிபுணர்கள் பேசுற இடம், ஹில்டா. வெளியுறவுக் கொள்கை பேசுறப்ப மச்சினன் கதையக் கொண்டுபோய் வச்சா என்னை எவன் மதிப்பான்? அதான் நல்லா இருக்கோம்னு அவனே சொல்லிட்டானே. காலைல என் காதால கேட்டேன்ல.” “முழுசாக் கேட்டீங்களா?” என்று அவள் முடிப்பதற்குள் கதவு சாத்தியாகிவிட்டது. கதவின் அடியில் அவர் வழக்கம்போல் ஒரு துண்டைத் திணிப்பது தெரிந்தது. உள்ளேயிருந்து தொண்டையைக் கனைக்கும் சத்தம். அது அவருடைய டிவிக் கனைப்பு. வீட்டுக் கனைப்பு வேறு.

ஃபிரிட்ஜ் நின்ற பிறகுதான் அது இவ்வளவு நேரம் ஓடிக்கொண்டிருந்ததே தெரிகிறது. நின்றதும் வீட்டின் காது திறந்துகொள்கிறது. குழாய் சொட்டுகிறது, மாடிவீட்டில் நாற்காலியை இழுக்கிறார்கள், தெருமுனை தேவாலயத்தில் இரண்டாம் பூசைக்காரர்கள் கலைந்து ஸ்கூட்டர் ஸ்கூட்டராகப் போகிறார்கள். ஹில்டா அடுப்படி முக்காலியில் உட்கார்ந்தாள். குக்கருக்குத் தடை, விசில் வந்தால் ஆட்சி கவிழ்ந்துவிடும். ஆகையால் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வீட்டில் உலை வைத்து வடிக்கிற சோறுதான். சீலா மீனைக் கழுவி மஞ்சள் போட்டு வைத்தாயிற்று, மசாலா நேற்றே அரைத்தாயிற்று. அரைக்கிற வேலையை எல்லாம் சனிக்கிழமையே முடித்துவிட வேண்டும் என்று போன வாரத்துக் கலவரத்துக்குப் பிறகு சட்டம் வந்துவிட்டது. அவள் படித்த கான்வென்ட் ஹாஸ்டலில்கூட இவ்வளவு கெடுபிடி இல்லை. கன்னியாஸ்திரீகள் மௌன மணி அடித்தால் பேச்சுக்குத்தான் தடை. அரிசி கொதிக்கலாம், காக்கை கத்தலாம், பக்கத்துக் கட்டில் மெர்சி தும்மலாம். அங்கே மௌனம் ஆண்டவருக்காக. இங்கே யாருக்காக? வாரம் தவறாமல் டிவியில் ‘ஊரும் உலகும்’ நடத்துகிற அந்தப் பையனுக்காக. முதல் பாதி உலகம், இடைவேளை, இரண்டாம் பாதி ஊர். கஸ்பார் உள்ளறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே இரண்டு பாதியிலும் இருப்பார். உலகத்துக்கு அவருக்குப் படிப்பு இருக்கிறது, பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகளைப் பாதி ஆயுசு பாடம் நடத்தியவர். ஊருக்கு என்ன இருக்கிறது? மார்க்கெட் எந்தப் பக்கம் என்று கேட்டால் முழிப்பார். ஊருக்கு ஹில்டா இருக்கிறாள்.

இது எப்போது தொடங்கியது என்று அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஏற்றுமதியை நிறுத்திவிட்டார்கள், இனி விலை இறங்கும் என்று அவர் பேப்பரைப் பார்த்து வாசித்தார். “இப்ப இறங்கும். இந்த விலைக்கு வித்தவன் அடுத்த வருசம் வெங்காயம் போடுவானா, வேற எதையாவது போடுவானா? அப்ப எங்க போய் நிப்பீங்க?” என்றாள். உரித்த எரிச்சலில் சொன்னதுதான். அந்த ஞாயிறு டிவியில் கஸ்பார் மோவாயைத் தடவிக்கொண்டு, “ஒரு சாமானிய இல்லத்தரசி என்னிடம் சொன்னார்” என்று தொடங்கி அதையே சொன்னார், கொஞ்சம் கோட்டுப் போட்டுவிட்டு. திரையில் எதிர்க் கட்டத்தில் இருந்த முன்னாள் தூதர் வேதநாராயணன் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். சாமானிய இல்லத்தரசியாம்! பேச்சுப்போட்டிக் கோப்பை இன்னும் அலமாரியில் இருக்கிறது. மூன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அழவைத்து வாங்கியது. ஆனால் பொய் சொல்லக் கூடாது, அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுப்படியில் சொன்னது கோட்டுப் போட்டுக்கொண்டு நாட்டுக்குள் நடந்துபோகிறதே என்று நெஞ்சு நிமிர்ந்தது. அன்றிலிருந்து சமையல் எரிவாயு, பால், பஸ், பிள்ளைகளின் பள்ளிக்கட்டணம், எதைப் பற்றிப் பேச்சென்றாலும் சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் மெதுவாக வந்து தூண்டில் போடுவார். “நீ என்ன நினைக்கிற, ஹில்டா?” கல்யாணமான புதிதில் ஒருநாள்கூட அவர் கேட்காத கேள்வி. அதற்கு மயங்கித்தானே வாரம் வாரம் வாயைத் திறந்தாள், இந்தப் புத்திகெட்டவள்.

உலை கொதிக்கத் தொடங்கியது. அரிசியைக் களைந்து போட்டாள். போடும்போது கை நின்றது. இப்போதெல்லாம் இப்படித்தான், அரிசியில் கை வைத்தால் கிளமெண்ட் வந்துவிடுகிறான். அவளுடைய ஒரே தம்பி, கப்பலில் சமையல்காரன். ஊரில் எல்லோரும் மாலுமி என்றே சொல்வார்கள், அவன்தான் திருத்துவான்: “மாலுமி இல்லக்கா, நான் சமையக்காரன். கப்பல் ஓடலைன்னா யாரும் என்னையக் கேக்க மாட்டாங்க, சோறு ஓடலைன்னாத்தான் கேப்பாங்க.” கப்பல் இப்போது ஓடவில்லை. ஏதோ ஒரு வளைகுடாத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டுக் கிடக்கிறது. அங்கே ஆட்சி மாறி, வந்தவர்கள் கப்பலைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். கப்பலின் சொந்தக்காரனோ போனை எடுப்பதை நிறுத்திவிட்டான். இறங்கவும் விடவில்லை, போகவும் விடவில்லை. கொடி ஒரு நாட்டுடையதாம், முதலாளி இன்னொரு நாடாம், சரக்கு மூன்றாம் நாடாம். சமைக்கிறவன் மட்டும் தூத்துக்குடி. கஸ்பார் இதை விளக்கும்போது அவருக்குக் கண் மின்னும். “இது ரொம்பச் சுவாரசியமான கேஸ், ஹில்டா, மூணு நாட்டுச் சட்டமும் மோதுது.” சுவாரசியம். அவன் சின்னதில் டைபாய்டு வந்து கிடந்தபோது டாக்டரும் இப்படித்தான் சுவாரசியம் என்றார், அம்மா அவர் கையிலிருந்த ஸ்டெத்தைப் பிடுங்கப் போனாள். அந்தக் காய்ச்சலில் யார் போய்க் கேட்டாலும் கிளமெண்ட் கண்ணைத் திறக்காமல் “நல்லா இருக்கேன்” என்பான். தொட்டுப் பார்த்தால் தோசைக்கல். அது அவன் சொல்கிற பொய் இல்லை. அவர்கள் வீட்டு வழக்கம். கடலுக்குப் போகிற வீடுகளில் முதலில் எல்லோரும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும், கேட்கிறவர்களுக்கு அடுத்த மூச்சு வர வேண்டுமே. புயலில் வீட்டுக்கூரை போன வருஷம் ஹாஸ்டலுக்கு அம்மா எழுதியதும் இங்கு அனைவரும் நலம் என்றுதான் தொடங்கியது. கூரை நாலாவது பத்தியில்தான் பறந்தது. அதனால் ஹில்டா எதையும் கடைசியிலிருந்துதான் வாசிப்பாள், இன்றைக்கு வரை. கஸ்பார் வீட்டில் அப்படி இல்லை. அவர்கள் வாத்தியார் குடும்பம், முதல் வரியில் விஷயத்தைச் சொல்லிவிடுவார்கள், மிச்சம் எல்லாம் மேற்கோள்.

காலையில் குரல் செய்தி வந்தபோது அவர் சவரம் பண்ணிக்கொண்டிருந்தார். கிளமெண்டுக்குச் சிக்னல் எப்போதாவது ஒருமுறைதான் கிடைக்கும், கிடைத்த நேரத்தில் பேசி அனுப்புவான். அவள் கைபேசியை அவர் காதருகே பிடித்தாள். ‘அக்கா, நான் கிளமெண்ட் பேசுதேன். இங்க நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம். அத்தான் நல்லா இருக்காங்களா, சுகர் எப்படி இருக்கு, மாத்திரய ஒழுங்காப் போடச் சொல்லு. அங்க மழை உண்டா...’ அதற்குள் கஸ்பார் நுரை பட்ட விரலால் கைபேசியை நகர்த்திவிட்டார். “நல்லாத்தானே இருக்கான். நீதான் சும்மா போட்டுக் குழப்பிக்கிற.” முகத்தைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். மிச்சத்தை அவள் மட்டும், இதோ இந்த முக்காலியில் உட்கார்ந்து கேட்டாள். மழை முடிந்து, மீன் விலை முடிந்து, மாதா கோயில் திருவிழா முடிந்து, நீளமாக ஒரு சத்தமில்லாத இடம். காற்றும் தண்ணீரும் மட்டும் இரைந்தன. அப்புறம் குரல் இறங்கி வந்தது. ‘அக்கா, அரிசி அடி மூட்டைக்கு வந்துட்டு. தண்ணிய அளந்துதான் குடுக்கேன். செகண்ட் இன்ஜினியருக்குக் காய்ச்சல் விடல, மருந்தெல்லாம் தீந்துட்டு. சாப்பாட்டு நேரம் வந்தா எல்லாரும் எம் மூஞ்சியப் பாக்காங்க. எனக்கு அந்த நேரம் வந்தாலே பயமா இருக்குக்கா. அத்தான் டிவில அந்தத் தூதர் அய்யாவோட பேசுதாங்கல்ல. ஒரு வார்த்த கேக்கச் சொல்லு. ஒரு வார்த்த போதும்.’ தூதர் அய்யாவுக்கு இன்னும் டெல்லியில் செல்வாக்கு உண்டு. அவர் போன் போட்டால் ஒரே மணியில் எடுப்பார்களாம், கஸ்பாரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். ஒரு வார்த்தை. இவள் காலையிலிருந்து மன்றாடுகிறாள், சட்டினித் தட்டை வைத்துக்கொண்டு, சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு. கடைசியில் மிக்ஸியில் வந்து நின்றது சண்டை.

கைபேசியில் நிகழ்ச்சியை வைத்து, சத்தத்தை ஒரு கோட்டுக்குக் குறைத்து, உப்பு ஜாடிமேல் சாய்த்தாள். அதிலே ஒரு வேடிக்கை உண்டு. கஸ்பார் பேசுவது முதலில் கதவு வழியாக நேராக வரும். கொஞ்சம் பொறுத்துத்தான் கைபேசியில் வரும், வானத்துக்குப் போய்ச் சுற்றிவிட்டு வருகிற மாதிரி. வீட்டுக் கஸ்பார் பேசி முடித்துத் தண்ணீர் குடிக்கும்போது டிவிக் கஸ்பார் அப்போதுதான் மோவாயைத் தடவுவார். பழைய நாளில் இதைப் பார்த்து அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்திருக்கிறாள். இன்று சோற்றுத் துடுப்பால் அரிசியைக் கிளறிக்கொண்டே ஒரு காதை அங்கேயும் ஒரு காதை இங்கேயும் வைத்திருந்தாள். நெறியாளர் பையன் வர்த்தக ஒப்பந்தத்தை முடித்துவிட்டு வளைகுடாவுக்கு வந்தான். பிடித்து வைக்கப்பட்ட கப்பல், அதிலே நம் நாட்டுக்காரர்கள், கவலைக்குரிய நிலையா என்று பேராசிரியரைக் கேட்டான். அவள் கை நின்றது. கேட்டுவிடுவார். எத்தனைதான் முறைத்துக்கொண்டாலும் அவர் கெட்ட மனுஷர் இல்லை, போன மாதம் அவள் பல்வலிக்கு விடிய விடிய உட்கார்ந்தவர்தானே, வாய்ப்பு தானாக வந்து மடியில் விழும்போது ஒரு வார்த்தை கேட்காமலா போய்விடுவார். கதவுக்குப் பின்னாலிருந்து கனைப்பு. பிறகு அந்தக் கோட்டுப் போட்ட குரல்: “நம்பத்தகுந்த வட்டாரங்களிலிருந்து இன்று காலை எனக்குக் கிடைத்த தகவல்படி, நமது மாலுமிகள் அனைவரும் நலமாக இருக்கிறார்கள். பதற்றம் தேவையில்லை.”

அரிசி கொதித்து நுரை விளிம்புக்கு ஏறியது. ஊதினாள். அந்த வாக்கியம் வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அது திரும்பி வந்து சேர்வதற்குள் ஓடிப்போய்ப் பிடித்துவிடலாம் என்று ஒரு கணம் கால் எழுந்தது, அசட்டுத்தனமாக. பிறகு உப்பு ஜாடிமேல் சின்னக் கஸ்பார் மோவாயைத் தடவினார். நம்பத்தகுந்த வட்டாரங்களிலிருந்து இன்று காலை. அதுதான், நுரை பட்ட விரல், மழை உண்டா என்பதற்கு முன்னால் நகர்ந்துபோன கைபேசி. வட்டாரம் இந்த முக்காலிதான். வட்டாரம் இவள்தான். தூதர் வேதநாராயணன் தலையாட்டினார். ரசிக்கிற அதே ஆட்டம். “பேராசிரியர் சொல்வது ஆறுதலாக இருக்கிறது. எனக்கும் கொஞ்சம் சஞ்சலம் இருந்தது, நாளைக் காலை டெல்லியில் சிலரிடம் பேசலாம் என்றுகூட நினைத்திருந்தேன். நலமாக இருக்கிறார்கள் என்றால் அவசரப்பட்டு நாம் குரல் எழுப்ப வேண்டியதில்லை. இம்மாதிரி விஷயங்களில் மௌனம்தான் சிறந்த ராஜதந்திரம்.” மௌனமா. ஹில்டாவுக்குச் சிரிப்பு வந்தது, நன்றாகவே வந்தது. பேசுவதாக இருந்தாராம். இவளே தன் கையால் போட்ட முடிச்சு. கிளமெண்ட் பொய் சொல்லவில்லை, முறைப்படி தொடங்கினான். கஸ்பாரும் பொய் சொல்லவில்லை, காதால் கேட்டதைச் சொன்னார். தூதரும் நல்லவர், நம்பினார். இவள்தான் கைபேசியைக் கொண்டுபோய்க் காதில் வைத்தவள். ஒருத்தரும் பொய் சொல்லாமலே அரிசி அடி மூட்டைக்கு வந்துவிட்டது. அங்கே இப்போது என்ன மணி? சாப்பாட்டு நேரமாக இருக்குமோ? தட்டை நீட்டுகிறார்கள். அவன் கரண்டியைப் பார்க்கிறான். நல்லா இருக்கோம், நல்லா இருக்கோம். யாராவது கப்பலில் சிக்னல் வைத்துக்கொண்டு இதைப் பார்த்தால்? அத்தான் கேப்பாங்க என்று அவன் எல்லோரையும் கூட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால்? அந்த நினைப்பை அவள் துடுப்பால் தள்ளினாள். அது சோறு மாதிரி திரும்ப மேலே வந்தது.

ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தாள். வெந்துவிட்டது. வெந்த சோறு யாருக்காகவும் காத்திருக்காது. பானையைத் தட்டு வைத்துச் சாய்த்து வடித்தாள், சத்தமே இல்லாமல், கஞ்சி ஒரு நூலாக இறங்க. ஒரு சொட்டு வெளியே போகவில்லை. அங்கே அவன் தண்ணீரை அளந்து கொடுக்கிறான். கைபேசியில் சோப்பு விளம்பரம் வந்தது. இடைவேளை. கதவு திறந்து, கஸ்பார் சாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு குளியலறைக்கு விரைந்தார். சர்க்கரைக்காரர், எந்த இடைவேளையையும் விடமாட்டார். போகிறபோக்கில் அவளைப் பார்த்து, “முதல் பாதி நல்லாப் போச்சு” என்றார், சண்டையை மறந்து, சிரித்த முகமாக. அவளுக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை. “இன்னைக்கு ஊர்ப் பகுதியில என்ன?” என்று கேட்டாள். “ரேஷன். நீ அன்னைக்குச் சொன்னியே அந்த அரிசி விஷயம், அதத்தான் சொல்லப்போறேன்.” தாழ்ப்பாள் விழுந்தது.

ஹில்டா அடுப்பை அணைத்தாள், கையை முந்தானையில் துடைத்தாள், உள்ளே போனாள். இத்தனை ஞாயிறும் வாசலிலிருந்து பார்த்த அறைதான். நாற்காலி சூடாக இருந்தது. திரையில் கட்டங்கள்: நெறியாளர் பையனுக்கு ஒரு பெண் முகத்தில் பவுடர் ஒற்றிக்கொண்டிருந்தாள், பொருளாதாரம் பேச வந்த அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், தூதர் அய்யா டீ குடித்துக்கொண்டிருந்தார், நாலாவது கட்டத்தில் வியர்த்த முகமும் மசாலா படிந்த ஜாக்கெட்டுமாக ஒருத்தி. அவள்தான். காதுக்கருவியை மாட்டினாள். தூதர் முழங்கால் ஆபரேஷனைப் பற்றி நெறியாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இடது கால் சரியாகிவிட்டதாம், வலதுக்குப் பயமாக இருக்கிறதாம். இவ்வளவு சாதாரணமாகவா பேசிக்கொள்வார்கள்? முதுகை நேராக்கு என்றாள் பள்ளியில் பேச்சுப்போட்டிக்குப் பழக்கிய சிஸ்டர் யூஜினி, எங்கிருந்தோ. கடைசிப் பெஞ்சுக்குக் கேட்க வேண்டும், கத்தக் கூடாது. “வணக்கம். நான் பேராசிரியரோட மனைவி, ஹில்டா” என்றாள். முழங்கால் நின்றது. “அவர் சொன்ன அந்த நம்பத்தகுந்த வட்டாரம் நான்தான். அந்தக் கப்பல்ல சமைக்கிறது என் தம்பி. அவன் நல்லா இருக்கோம்னு சொன்னது தொடக்கம் மட்டும்தான். மிச்சத்த அவர் கேக்கல. அரிசி தீரப்போகுது. குடிக்கிற தண்ணிய அளந்து குடுக்கிறான். ஒருத்தர் காய்ச்சல்ல கிடக்கார், மருந்தில்ல.” பவுடர்ப் பெண்ணின் கை காற்றில் நின்றது. நெறியாளர், “மேடம், மேடம், சார் எங்க, நாம இதோ வந்துடுவோம், ப்ளீஸ்” என்றான். தூதர் டீக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார், அதில் ஏதோ விழுந்துவிட்ட மாதிரி. காதுக்குள் முகமில்லாத ஒரு குரல் பத்திலிருந்து கீழே எண்ணத் தொடங்கியது.

வாசலில் கஸ்பார் ஈரக்கையோடு நின்றார். வாய் திறந்திருந்தது. எழுந்திரு, எழுந்திரு என்று இரண்டு கையாலும் சைகை செய்தார். சத்தம் வரவில்லை. இந்நேரம் எண்ணிக்கை ஓடுவது அவருக்குத் தெரியும், இந்த நேரத்தில் இந்த வீட்டில் யாரும் சத்தம் போடக் கூடாது என்று சட்டம் போட்டவரே அவர்தான். ஒரு அடி உள்ளே வைத்தார், சாரம் கேமராவில் விழும் என்று நினைத்தாரோ என்னவோ, பின்வாங்கிக்கொண்டார். அவருடைய முகத்தைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. மத்தியானம் மீனைப் பெரிய துண்டாக வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். எண்ணிக்கை முடிந்தது. “இடைவேளைக்குப் பிறகு மீண்டும் வரவேற்கிறோம்” என்று தொடங்கிய பையன் நாலாவது கட்டத்தைப் பார்த்துத் தடுமாறினான். ஹில்டா கைகளை மடியில் கோர்த்துக்கொண்டாள். மனசு அமைதியாக இருந்தது, ஃபிரிட்ஜ் நின்ற வீடு மாதிரி.

“அய்யா, அவங்க நல்லா இல்ல. நாளைக்குப் பேசலாம்னு நினைச்சேன்னு சொன்னீங்களே, அதப் பேசுங்க. பேசுறேன்னு இப்பவே சொல்லுங்க, என் தம்பி பார்த்துட்டிருப்பான்.”

பையன் தன் காதைத் தொட்டுக்கொண்டான், அங்கிருந்து ஏதாவது சொல்வார்கள் என்று. தூதர் அய்யாவின் கண் கேமராவுக்குக் கொஞ்சம் கீழே எங்கோ இருந்தது. பொருளாதார அம்மா துடைத்த கண்ணாடியை மறுபடி கழற்றினார். வாசலில் கஸ்பாரின் கையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது, ஒவ்வொரு சொட்டும் கேட்டது. ஹில்டா காத்திருந்தாள். கேள்வி கேட்டுவிட்டால் பதில் வரும்வரை உட்காரக் கூடாது, ஆனால் அவள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள், அதற்கு என்ன செய்வதென்று சிஸ்டர் சொல்லித்தரவில்லை. அந்த நிசப்தத்தில் அடுப்படியிலிருந்து, உப்பு ஜாடி பக்கமிருந்து, வானத்துக்குப் போய்ச் சுற்றிவிட்டு ஒரு பொம்பளையின் குரல் சின்னதாக, தெளிவாக வந்து சேர்ந்தது:

“...பேசுறேன்னு இப்பவே சொல்லுங்க, என் தம்பி பார்த்துட்டிருப்பான்.”